மராத்தா வாரியர்ஸும் நாமும்: ஒரு ஹாக்கி அணியின் வரலாறு

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "தாராவியில தோல் ஷாப்பு வந்த கதை, மாட்டுங்காவில காபி கிளப்பு வந்த கதை எல்லாம் நிறைய எழுதியாச்சு சார். நீங்க வேற ஏதாவது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் பார்த்து, கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் செம்பூர் வந்திருந்தான். அந்த நாட்டில் ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடுவது. பெரிய லீக்கில் இடம் கிடைக்காத சின்ன ஊர் அணிகளுக்குக்கூட, எந்த வருஷம் யார் கேப்டன், எப்போது மூடினார்கள் என்று வரலாறு எழுதி வைத்திருக்கிறார்களாம். "மாமா, நீங்க எல்லாம் ஹாக்கி நம்ம தேசிய விளையாட்டுன்னு சொல்வீங்களே, பம்பாய்க்குன்னு ஒரு டீம் இருந்துச்சா?" என்று கேட்டான்.

இருந்தது. ஒன்றல்ல, நான்கு. (தேசிய விளையாட்டு என்று எதையும் அரசு அறிவித்ததில்லை என்று 2012-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விளையாட்டு அமைச்சகம் பதில் கொடுத்துவிட்டது. அது வேறு கதை.) அந்த நான்கில் முதலாவதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் மராத்தா வாரியர்ஸ். அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர்.

பம்பாய் ஹாக்கி பழைய சரக்கு. ஆகா கான் போட்டி 1896-இல் தொடங்கியது. கிரிக்கெட்டின் ரஞ்சிக் கோப்பைக்கே அதற்கு மேல் முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. ஆனால் அந்த ஹாக்கியில் நம்மவர்கள் அதிகம் தென்படவில்லை. அது கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், கஸ்டம்ஸ், ரயில்வே ஊழியர்கள் இவர்களுடைய ஆட்டம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் லியோ பின்டோ, வால்டர் டிசூசா எல்லாம் பம்பாய் கோவா சமூகத்தார். மாட்டுங்காவில் நம் பையன்களுக்குக் கணக்கும் கிரிக்கெட்டும். தாராவிச் சந்துகளில் ஹாக்கி ஆட இடம் ஏது?

நம்மவர்கள் இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது புனே வழியாக. காட்கியில் 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. அந்தக் கண்டோன்மென்ட் வேலைக்குத் தமிழ்க் குடும்பங்கள் பல வந்து சேர்ந்தன. அப்படி ஒரு குடும்பத்தில்தான் 1968 ஜூலை 16 அன்று தன்ராஜ் பிள்ளை பிறந்தார். தகப்பனார் நாகலிங்கம், ஆர்டினன்ஸ் காலனி மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். தாயார் ஆண்டாளம்மா. பிள்ளைகள் ஒடிந்த மட்டையைக் கட்டிச் சரிசெய்து, மற்றவர்கள் தூக்கிப் போட்ட பந்தை எடுத்து, முகம்மது ஷாஹித் ஆடுவதைப் போல ஆடிப் பார்ப்பார்களாம்.

செம்பூர்க்காரன் என்ற முறையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். தன்ராஜ் மும்பை வந்தது எங்கள் பேட்டை வழியாகத்தான்! அண்ணன் ரமேஷ் செம்பூர் ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை அணிக்கு மும்பை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார், இந்தியாவுக்கும் ஆடியவர். 1980களின் நடுவில் தம்பி அவரிடம் வந்து சேர்ந்தார். பிறகு மஹிந்திரா அணி, அங்கே ஜோகிம் கார்வாலோவின் பயிற்சி. 1989-இல் இந்திய அணி. அதற்கப்புறம் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, 339 சர்வதேச ஆட்டங்கள். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் தங்கம் கிடைத்தது. ஊர் திரும்பியதும் அவரையும் வேறு ஆறு மூத்த வீரர்களையும் அணியிலிருந்து நிறுத்தினார்கள். "ஓய்வு" என்று காரணம் சொன்னார்கள். படிக்காசு பற்றி வாய் திறந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் பத்திரிகைகள் எழுதின. எனக்கும் அதில் சந்தேகம் கிடையாது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை 2007-இல் சந்தீப் மிஸ்ரா ஆங்கிலத்தில் எழுதினார். 'ஃபர்கிவ் மீ அம்மா' என்ற தலைப்பில் ஒரு சொல் மட்டும் தமிழ்.

2004 ஏதென்ஸோடு அவருடைய ஒலிம்பிக் கணக்கு முடிந்தது. அடுத்த ஜனவரியில் பிரிமியர் ஹாக்கி லீக் தொடங்கியது. இந்திய ஹாக்கி சம்மேளனமும் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியும் சேர்ந்து நடத்தியது. ஐ.பி.எல். வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், ஊர் பெயரில் அணி கட்டி, இரவு விளக்கில் ஆட வைத்து, அதைத் தொலைக்காட்சியில் விற்கலாம் என்று யோசித்தவர்கள் ஹாக்கிக்காரர்கள்தாம். இதை யாரும் இன்று சொல்வதில்லை. முப்பத்தைந்து நிமிஷ இரண்டு பாதிகளை உடைத்து, பதினேழரை நிமிஷ நான்கு பகுதிகளாக்கினார்கள். ஹாக்கிப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 2014-இல் சர்வதேச சம்மேளனமே நான்கு பகுதிக்கு மாறியது, பகுதிக்குப் பதினைந்து நிமிஷம் என்ற கணக்கில்.

மேல் பிரிவில் ஐந்து அணிகள்: ஹைதராபாத் சுல்தான்ஸ், ஷேர்-இ-ஜலந்தர், பெங்களூர் லயன்ஸ், சென்னை வீரன்ஸ், மராத்தா வாரியர்ஸ். 'வீரர்கள்' என்று நமக்கு ஒரு பன்மை இருக்கும்போது 'வீரன்' மேல் ஓர் ஆங்கில 'ஸ்' ஒட்டியதைத் தமிழாசிரியர் ஒருவரும் கவனிக்கவில்லை போலும். முதல் பருவம் முழுவதும் ஹைதராபாத் கச்சிபௌலியில் நடந்தது. ஆக, மும்பையின் அணியை மும்பைக்காரர்கள் டி.வி.யில்தான் பார்த்தோம்.

வாரியர்ஸில் மும்பை, புனே பையன்கள். மும்பையின் விரேன் ரஸ்கின்ஹா இருந்தார். எல்லோருக்கும் மேலே முப்பத்தாறு வயதில், முடி பறக்க, இளைஞர்களைத் திட்டிக்கொண்டே ஓடும் தன்ராஜ். கோப்பையை ஹைதராபாத் தூக்கிக்கொண்டு போனது. நான்கு பருவங்கள் ஆடியும் வாரியர்ஸுக்குப் பட்டம் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாரியர்ஸும் சென்னை வீரன்ஸும் மோதிய அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை எனக்கு அந்த ஆட்டத்தைவிட நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அந்த ஊர் ஹாக்கிக்குப் பேர் போனது. பையன் பிறந்தால் கையில் மட்டையைக் கொடுத்துவிடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார். தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் கடை வைத்திருந்தவர். 1960களின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்த நகரத்தில் கோஷம் எழுந்த நாட்களில், கடையின் தமிழ்ப் பலகையைக் கழற்றி மூட்டைகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தவர். திரும்ப மாட்ட அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அப்படிப்பட்டவர் மராத்தா என்று பெயர் வைத்த அணிக்குக் கை தட்டுவாரா? அவர் சென்னைப் பக்கம்தான் நிற்பார் என்று நான் நினைத்தேன்.

என் தம்பிதான் சென்னைப் பக்கம் நின்றான். "ஆடம் சின்கிளேர் இருக்கான், நம்ம தமிழ்நாட்டு டீம்" என்றான். என் மகன், செம்பூரில் பிறந்தவன், "நான் மகாராஷ்டிராதான்பா, இதுல என்ன கேள்வி?" என்று முடித்துவிட்டான். அவனுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அப்பா நாற்காலியை டி.வி. பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏலே, ஆடுதது நம்ம பய. சட்டையில என்ன எழுதியிருந்தா என்னல?" என்றார். தன்ராஜ் காலில் பந்து வந்தபோதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சென்னைக்காரன் கோல் பக்கம் போனாலும் எழுந்தார்! யார் பக்கம் என்று கேட்டால், "நீ சும்மா இருல" என்ற பதில்தான்.

மறுநாள் ஆபீசில் என் மராத்தி நண்பர் "துமச்சா பிள்ளே காய் கேள்ளா!" என்று தோளைத் தட்டினார். உங்க பிள்ளை என்னமா ஆடினான் என்று அர்த்தம். அணி அவருடையது, ஆட்டக்காரர் என்னுடையவர் என்று அவர் பங்கு பிரித்துக் கொடுத்தது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஓரத்தில் எங்கோ உறுத்தவும் செய்தது. காட்கியில் பிறந்து, செம்பூருக்கு வந்து, மகாராஷ்டிராவின் அணிக்குக் கேப்டனானவர் எந்தக் கணக்கில் 'உங்கள்' ஆனார்? இதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வீட்டு நாற்காலியில் நடந்ததையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

லீக் நான்கு பருவம் நடந்தது. 2008 மார்ச்சில் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக இந்தியா ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி பெறவில்லை. அடுத்த மாதம், அணித் தேர்வுக்குச் சம்மேளனச் செயலாளர் பணம் வாங்கியதாகத் தொலைக்காட்சி ஒன்று ரகசிய ஒளிப்பதிவோடு குற்றம் சாட்டியது. அவர் பதவி விலகினார். ஏப்ரல் 28 அன்று ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. பத்து நாள் முன்புதான், ஏப்ரல் 18 அன்று, ஐ.பி.எல். தொடங்கியிருந்தது. அந்த ஆரவாரத்தில் ஒரு ஹாக்கி லீக் செத்தது யார் காதிலும் விழவில்லை. வாரியர்ஸும் அதோடு போயிற்று.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. அதில் மும்பை மரைன்ஸ். சர்வதேசச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாத லீக், ஒரே பருவம். அதில் 43 வயது தன்ராஜ் கர்நாடகா லயன்ஸுக்கு ஆடினார். அப்பா அதைப் பார்க்க இல்லை. ஏப்ரல் 2 அன்று இறுதி ஆட்டம் சர்ச்கேட் மஹிந்திரா ஸ்டேடியத்தில். ஷேர்-இ-பஞ்சாப் புனே ஸ்ட்ரைக்கர்ஸை 5-2 என்று வென்றது. நான் போயிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்து, "ஏய், நம்ம புனே தோத்துருச்சுடா" என்று தமிழில் சொன்னார். காட்கிக்காரராம்.

2013-இல் ஹாக்கி இந்தியா லீக் வந்தது. மும்பை மேஜிஷியன்ஸுக்கு ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த் பயிற்சியாளர்; ஆனாலும் கடைசி இடம். எதிர்ப்பு கிளம்பியதால் அந்த வருஷம் லீக்குக்கு வந்த ஒன்பது பாகிஸ்தான் வீரர்களையும் திருப்பி அனுப்பினார்கள். 2015-இல் அதன் இடத்தில் தபங் மும்பை. 2017 இறுதியில் கலிங்கா லான்சர்ஸிடம் தோற்றது; லீக்கும் நின்றது. 2024 டிசம்பரில் திரும்பத் தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் இருந்தது. மும்பைக்கு அணி இல்லை.

இவ்வளவும் கேட்ட தங்கை மகன், மராத்தா வாரியர்ஸ் சட்டை ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். தோபி தலாவ் விளையாட்டுச் சாமான் கடைகளுக்கு அழைத்துப் போனேன். மும்பை இந்தியன்ஸ் இருந்தது, மான்செஸ்டர் இருந்தது. நான்காவது கடையில் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு யோசித்தார்.

"மராத்தா வாரியர்ஸா? அது கபடி டீம்தானே?" என்றார் இந்தியில்.