கேக்கும் மாத்தளைக் கொக்கோவும்

இந்நாளிற் பிறந்தநாள் விழாக்களில் வெட்டப்படும் கேக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலையில் ஊற்றிய சொக்கலேற் குழம்பு விளிம்பைத் தாண்டி, ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்திற் குறுகியும் வழிந்து, பாதி வழியிலே உறைந்து நிற்கும். கை தவறிச் சிந்தியது போலத் தோன்றும் இவ்வலங்காரம் உண்மையில் அளந்து செய்யப்படுவது. இஃது உலகெங்கும் பரவியது 2010ஆம் ஆண்டுக்குப் பின்னரேயாம். ஆயினும் அக்குழம்பின் மூலப்பொருளாகிய கொக்கோவின் வரலாற்றில் நம் மாத்தளைக்கும் ஓரிடம் உண்டு.

முதலில் அவ்வழிவின் இயல்பை அறிந்துகொள்வோம். சூடாக்கிய பாலேட்டை நறுக்கிய சொக்கலேற்றின்மீது ஊற்றிக் கலக்கினால் குழம்பு உண்டாகும். கொக்கோவிலுள்ள கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில், அதாவது நம் உடல் வெப்பத்திற்குச் சற்றுக் கீழே, உருகுவது. ஆதலால் குழம்பு இளஞ்சூடாக இருக்க, கேக் நன்கு குளிர்ந்திருத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் குழம்பு தட்டுவரை ஓடிவிடும். குறைந்தால் விளிம்பிலேயே கட்டிப்படும். மாத்தளை போன்ற வெப்பமான ஊர்களில் ஒரு பங்கு பாலேட்டுக்கு இரு பங்கு சொக்கலேற் சேர்ப்பதே நன்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாத்தளைக் குன்றுகளில் ஓங்கியிருந்தது கோப்பிப் பயிர். அதனை நம்பித் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். பிழைத்து வந்தோர் மாரியம்மனை வணங்கித் தோட்டங்களிற் குடியேறினர்.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலையிற் செந்நிறத் துருநோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் பெரிதும் அழிந்தது. உயர்ந்த மலைகளில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளுக்கோ நிழலும் ஈரமும் விரும்பும் கொக்கோ பொருத்தமாயிற்று. 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தமை விளைபொருளைக் கொழும்புக்கு அனுப்பத் துணையாயிற்று. முதலில் நட்ட செங்காய் இனத்தின் பருப்பு வெளிறிய நிறமுடையது. பாற் சொக்கலேற் செய்வோர் அதனை விரும்பினர். அம்மரத்தைப் பட்டைநோய் வாட்டவே, வன்மை மிக்க வேறினமும் நடப்பட்டது.

கொக்கோவை விளைவிப்பது எளிய தொழிலன்று. மரத்திலே முளைக்கும் அடுத்த பூவுக்குக் கேடு நேராதபடி காயைக் கவனமாக அறுத்தல் வேண்டும். உடைத்தெடுத்த விதைகளைக் குவித்து மூடிச் சில நாள் புளிக்க வைத்து, கழுவி, வெயிலில் உலர்த்தல் வேண்டும். புளித்தல் சரிவராவிடின் சொக்கலேற்றின் மணமே பிறவாது. அந்த மணத்திற்கு அடித்தளமிட்டவை தொழிலாளரின் கைகள். ஆனாற் கப்பலேறியது விதை மட்டுமே. அதை வறுத்து, அரைத்து, இனிப்பாக்கிப் பெரும் பொருளீட்டியோர் அயல்நாட்டார். உழைத்த மக்களின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இழந்தனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வுரிமையை வழங்கியது.

இன்று இலங்கையின் கொக்கோ ஏற்றுமதி மிகச் சிறியது. எனினும் மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவற்றினிடையே கொக்கோ மரங்கள் இன்னும் காய்க்கின்றன. உள்நாட்டு விதையைக் கொண்டு இங்கேயே சொக்கலேற் செய்யும் சிறு முயற்சிகளும் தோன்றியுள்ளன. விதையை விற்பவன் பெறும் விலை வேறு. அதனை உண்பொருளாக்குபவன் பெறும் விலை வேறு. கேக்கின் விளிம்பில் வழியும் சொக்கலேற் நம் விதையிலிருந்து நம் கையாலேயே ஆகுமாயின், அந்த இனிப்பின் பயனிற் பெரும்பங்கு விளைவித்தவருக்கும் சேரும்.