கச்சியப்ப முனிவர்

கச்சியப்ப முனிவர் (மறைவு 1790) 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்க் கதாகாவியப் புலவர். திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவி. சிவஞான மாபாடியம் இயற்றிய மாதவச் சிவஞான முனிவரின் மாணாக்கர். தொண்டை நாட்டின் வடபகுதியிலுள்ள திருத்தணிகையில் பிறந்தார். கந்தபுராணம் பாடிய காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியர் இவருக்கு நெடுங்காலம் முற்பட்டவராதலின், பெயரொற்றுமை கண்டு இருவரையும் ஒருவராகக் கொள்ளுதல் தவறு. விநாயக புராணம், பேரூர்ப் புராணம், ஆனைக்காப் புராணம், பூவாளூர்ப் புராணம் ஆகியவற்றோடு, தம் ஆசிரியர் முதற்காண்டம் பாடிய காஞ்சிப் புராணத்துக்கு இரண்டாங் காண்டத்தையும் இவர் இயற்றியுள்ளார். ஆயினும், தாம் பிறந்த ஊரின் மீது பாடிய தணிகைப் புராணமே இவரது கற்பனையின் தன்மையை முழுமையாகக் காட்டும் நூலாகும்.

அந்த ஊரே கவிதைக்குப் பழகிய ஊர். மலைமேல் முருகன் கோயிலும், ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளும், அடிவாரத்துச் சரவணப் பொய்கையும், அருகே நந்தியாறும் அமைந்த திருத்தணியில், 9-ஆம் நூற்றாண்டில் எழுந்த வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டில், பல்லவ மன்னன் அபராஜிதன் தானே பாடிய வெண்பா ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்னர் அருணகிரிநாதர் இத்தலத்தின் மீது பல திருப்புகழ்ப் பாக்களைப் பாடினார். இந்திரன் சுனையில் நாள்தோறும் முப்பொழுதும் ஒவ்வொன்றாகக் குவளை மலர்கிறது என்ற ஐதிகமும், சூரனை வென்ற முருகன் சினந்தணிந்து அமர்ந்த இடம் இதுவே என்ற ஐதிகமும் இளமையிலேயே கச்சியப்ப முனிவர் செவியில் விழுந்திருக்கும் என்று கொள்ளலாம். வள்ளி தினைப்புனங் காத்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலையும் இதே தொண்டை நாட்டிலேயே இருக்கிறது. ஆகவே, பிற புலவர்க்கு வள்ளி ஏட்டிற் கண்ட பாத்திரம். இவருக்கோ தம் நாட்டு மலையில் கவண்கல் எறிந்து கிளி கடிந்த பெண்.

தலபுராணம் பாடுவோர்க்குக் கதை பெரும்பாலும் முன்னரே அமைந்து கிடக்கும். வடமொழிப் புராணப் பகுதியோ, கோயிலாரும் பெரியோரும் வழிவழியாகச் சொல்லி வந்த வரலாறோ அடிப்படையாக அமைய, நாட்டு வளமும் நகர் வளமும் பாடிப் பின்னர் அருள்பெற்றோர் கதைகளைப் படலம் படலமாக விரித்துச் செல்வது மரபு. நிகழ்ச்சியை மாற்றும் உரிமை ஆசிரியனுக்கு மிகக் குறைவு. சுவடியில் எழுதி முடித்த பின்னரும் நூல் உடனே உலவத் தொடங்கிவிடாது. அடியார்களும் வித்துவான்களும் கூடிய அவையில் செய்யுள் செய்யுளாகப் படித்துப் பொருள் விரித்து, எழும் தடைகளுக்கு விடையளித்து அரங்கேற்ற வேண்டும். இத்தனை கட்டுப்பாடுகளுக்குள்ளே இவர் தமக்கென ஓரிடம் தேடிக்கொண்டது வியந்து போற்றத்தக்கது.

தணிகைப் புராணத்தைப் பொறுத்தவரை இவருக்கு நேர்ந்த முதல் இடர், அதன் நடுநாயகமான கதை முன்னரே பாடப்பட்டுவிட்டது என்பதே. கந்தபுராணத்தின் இறுதியில் வள்ளியம்மை திருமணப் படலம் இருக்கிறது. வேடனாகவும், வேங்கை மரமாகவும், கிழவனாகவும் முருகன் வந்தது, விநாயகன் யானையாக வந்து வள்ளியை அச்சுறுத்தியது எல்லாம் அங்கே இனிமையாகச் சொல்லப்பட்டு, கோயில்தோறும் படிக்கப்பட்டு, மக்கள் மனத்தில் ஊறிப்போயிருந்தன. தெரிந்த கதையைத் தெரிந்தவர்களுக்கே மீண்டும் சொல்லப் புகுந்த முனிவர், புதிய நிகழ்ச்சிகளைத் தேடி அலையாமல், தொல்காப்பியம் முதலிய இலக்கணங்கள் வகுத்த அகப்பொருள் நெறியைக் கைக்கொண்டார். களவுப் படலத்தில் காட்சி, ஐயம், துணிவு எனத் தொடங்கும் கோவைத் துறைகளின் வழியே வள்ளியின் காதல் வளர்கிறது. முருகன் குறிஞ்சி நிலத் தெய்வம். தினைப்புனமும் வேங்கையும் கிளி கடிதலும் குறிஞ்சிக்குரிய கருப்பொருள்கள். வள்ளியின் கதையே ஒரு குறிஞ்சித் திணை நாடகம். வெளிநிகழ்ச்சிகளின் தொடராயிருந்த கதை, ஐயமும் ஏக்கமும் நாணமும் ஆற்றாமையும் ஒன்றன்பின் ஒன்றாக எழும் உள்ளத்தின் சரித்திரமாக இவர் கையில் மாறியது. இலக்கணம் கற்பனைக்கு விலங்கென்று கருதுவோர் இப்படலத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

இதில் மற்றோர் இடரும் உண்டு; அதுவே பெரிது. அன்பின் ஐந்திணையிற் காதலரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அகமரபு. புராணமோ தலைவனையும் தலைவியையும் பெயரும் ஊரும் குலமும் கூறிப் போற்ற வந்த நூல். திருக்கோவையாரில் மாணிக்கவாசகர் சிவபெருமானைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துக் காதலரைப் பெயரின்றி நிறுத்தியதால், அங்கே இச்சிக்கல் எழவில்லை. களவுப் படலத்தில் தெய்வமே காதலன்; வழிபாட்டுக்குரியவனே ஒரு வேட்டுவப் பெண்ணை எண்ணி வருந்தி நிற்கிறான். வடநாட்டில் 12-ஆம் நூற்றாண்டில் ஜயதேவர் கீதகோவிந்தத்தில் கண்ணனைக் காதலனாக்கியதும் ஒருவகையில் இதையொத்த துணிவே. பக்தியின் கௌரவம் குறையாமலும் காதலின் உண்மை கெடாமலும் இரண்டையும் ஒருசேரக் காத்த திறத்தாலேயே முனிவர் தம் காலத்துத் தலபுராண ஆசிரியர் பலரினும் உயர்ந்து நிற்கிறார் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

குறையும் உண்டு. சித்தாந்த சாத்திரமும் இலக்கண நுட்பமும் செறிந்த இவரது நடை, ஆசிரியர் துணையின்றிப் படிப்பவர்க்கு எளிதில் வசப்படாது. அகத்தியன் அருள்பெறு படலம் போன்ற பகுதிகளில் கதை நின்று சாத்திரம் பேசத் தொடங்கிவிடுகிறது. சிவஞான முனிவரிடம் பெற்ற கல்வியின் பேறும் சுமையும் இதுவே எனலாம். பொதுமக்களிடையே வள்ளி கதையைப் பரப்பும் பணி பிற்காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் போன்ற நாடகங்களுக்கே வாய்த்தது. வித்துவான்களோ இவரை விட்டு நீங்கவில்லை. எண்ணற்ற தலபுராணங்கள் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இவர் நூல்களில் பெரிதும் ஈடுபட்டிருந்தார்.

தணிகையைப் பற்றி முனிவர் திருத்தணிகை ஆற்றுப்படை, திருத்தணிகைப் பதிற்றுப்பத்தந்தாதி என்ற சிறு பிரபந்தங்களையும் பாடினார். அவற்றுள் ஆற்றுப்படை, தம் மாணாக்கர் திருத்தணிகைக் கந்தப்பையரை வருத்திய குன்மநோய் நீங்கும்பொருட்டுப் பாடப்பட்டதென்று கூறுவர். கல்விச் செருக்கு மிக்கவரென இவரை எண்ணக்கூடியவர்களுக்கு, மாணவன் ஒருவனின் வயிற்றுவலி ஒரு பிரபந்தத்துக்குக் காரணமாயிற்று என்ற இச்செய்தி இவருடைய உள்ளத்தின் மென்மையை அறிவிக்கும். அக்கந்தப்பையரின் புதல்வர்களே விசாகப் பெருமாளையரும் சரவணப் பெருமாளையரும். மூத்தவர் அணியிலக்கணம், யாப்பிலக்கணம் முதலியவற்றை உரைநடையில் எழுதினார். இளையவர் திருக்குறளை அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவர். இவ்வாறு தணிகையில் தொடங்கிய கல்வி மரபு, ஏட்டுச்சுவடியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டுச் சென்னை அச்சுக்கூடங்களைச் சென்றடைந்தது.