செவ்வாயின் வானம் என்ன நிறம்?

உங்கள் வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறதா? தொலைக்காட்சித் திரையில் எலுமிச்சம்பழம் ஒன்று தெரியும்போது அதன்மீது கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். மஞ்சளைக் காணமாட்டீர்கள். சிவப்பும் பச்சையுமான நுண்புள்ளிகளே ஒளிரும். மஞ்சள் என்று சொல்வது நம் கண்ணும் மூளையும்தான். சரி, சிவப்பையும் பச்சையையும் எந்த அளவில் கலப்பது என்று திரைக்குச் சொல்பவர் யார்? இந்தக் கேள்வி 1976-இல் அறிவியலாரையே ஏமாற வைத்தது.

அவ்வாண்டு ஜூலை 20 அன்று அமெரிக்காவின் வைக்கிங்-1 கலம் செவ்வாய்க் கோளில், கிரைசி என்னும் சமவெளியில் இறங்கியது. அதன் ஒளிப்படக் கருவியில் படச்சுருள் கிடையாது. அசையும் கண்ணாடி ஒன்று எதிரே உள்ள காட்சியைப் புள்ளி புள்ளியாகத் துழாவும். ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் ஓர் எண்ணாக மாறும். அவ்வெண்கள் வானொலி அலையில் ஏறிப் பூமியை அடைய ஏறத்தாழ 19 நிமிடம் ஆயிற்று. ஆக, செவ்வாயிலிருந்து வந்தவை நிறங்கள் அல்ல, எண்களே.

மறுநாள் முதல் வண்ணப்படம் உருவாயிற்று. செந்நிற மண், அதன் மேலே நம் ஊர் வானத்தைப் போலவே இளநீல வானம்! செய்தியாளர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று பதிவுகளையும் கலக்கும் விகிதம் அப்போது சரிபார்க்கப்படவில்லை. கருவியின் ஒளி உணரிகளோ, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தன. வானம் என்றால் நீலம் என்னும் நம் பழக்கமும் ஐயத்தைத் தடுத்திருக்கும் என்றே தோன்றுகிறது.

நல்லவேளையாக, நிறம் முன்பே அறியப்பட்ட வண்ணச் சில்லுகள் சிலவற்றைக் கலத்தின்மேல் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். துணிக்கடையில் புடவையை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்ப்போமே, அத்தகைய முன்யோசனை! அச்சில்லுகளின் படத்தைக் கொண்டு விகிதத்தைத் திருத்தியதும் வானத்தின் நீலம் மறைந்தது. மங்கிய இளஞ்சிவப்பு வந்தது. இரும்புத் துரு கலந்த நுண்தூசி காற்றில் மிதப்பதே காரணம். ஜேம்ஸ் பொல்லாக் என்ற அறிஞர் இத்திருத்தத்தை அறிவித்தபோது செய்தியாளர்கள் விளையாட்டாகக் கூச்சலிட்டனராம். கார்ல் சேகன் இதை எழுதியிருக்கிறார்.

நீல வானத்தை விரும்பியவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கதிரவன் மறையும் வேளையில் அதே தூசி, கதிரவனைச் சுற்றி நீல ஒளியைக் காட்டுகிறது. 2015-இல் கியூரியாசிட்டி ஊர்தி அதை வண்ணத்தில் படமெடுத்தது. அவ்வூர்தியின் கருவிக்கு நீலத்தை உணரும் திறன் நம் கண்ணைவிடச் சற்றுக் குறைவு. எனவே அங்கே நின்று பார்ப்பவருக்கு அந்த நீலம் படத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகவே தெரியக்கூடும்.