எல்மர் அனுப்பிய குழாய்

மும்பையில் செம்பூர், டிராம்பே பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பரணைக் குடைந்தால், பழைய சூட்கேஸுக்கும் கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் நடுவே ஒரு தொலைநோக்கி அகப்படுவது ஆச்சரியமில்லை. மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. வானியல் ஒலிம்பியாடுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்கிற இடம் அது. 2025 ஆகஸ்டில் சர்வதேச ஒலிம்பியாடையே மும்பையில் அதுதான் நடத்தியது. பக்கத்திலேயே அணுசக்தி நகர். இப்படிப்பட்ட வட்டாரத்தில் பிள்ளைக்கு வான ஆசை வந்தால் அப்பா தொலைநோக்கி வாங்காமல் இருப்பாரா? முதல் வாரம் நிலாவின் பள்ளங்கள், அடுத்த வாரம் வியாழனின் நான்கு துணைக்கோள்கள், பிறகு சனியின் வளையம். ஜூனில் மழை பிடிக்கும். நாலு மாதம் வானமே கிடையாது. முக்காலியின் திருகு ஒன்று தொலையும். பெட்டி பரணுக்குப் போகும்.

பரண் ஏறாத ஒரு தொலைநோக்கியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது அமெரிக்காவில் கிளம்பி, வங்காளத்துச் சிற்றூர் ஒன்றில் வேலை பார்த்து, நம் ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தது.

முதலில் அதைப் பயன்படுத்தியவரைச் சொல்லிவிடுகிறேன். ராதா கோவிந்த சந்திரா, 1878இல் ஜெஸ்ஸூருக்குப் பக்கத்தில் பாக்சர் கிராமத்தில் பிறந்தவர். நுழைவுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றார். படிப்பு அதோடு நின்றது. ஜெஸ்ஸூர் கலெக்டர் ஆபீஸ் கருவூலத்தில், வருகிற நாணயம் நல்லதா கள்ளக்காசா என்று பார்த்து வாங்கும் வேலை. 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது கையில் பைனாகுலரோடு நின்றார். 1912இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்று தருவித்தார். சிற்றூர்க் குமாஸ்தாவுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று விளக்க வேண்டியதில்லை.

1918 ஜூனில் கழுகு விண்மீன் குழுவில், நம் திருவோணம் இருக்கிற பக்கம், அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் பளிச்சென்று எரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் தெரிந்த நோவாக்களில் அதுவே மிகப் பிரகாசமானது. உலகம் முழுக்கப் பலர் தனித்தனியே கண்டார்கள், சந்திராவும் கண்டார். தான் பார்த்ததைக் குறித்து ஹார்வர்ட் வானாய்வகத்தின் எட்வர்ட் பிக்கரிங்குக்கு எழுதினார். அங்கிருந்து பதிலும் நட்சத்திர வரைபடங்களும் வந்தன. அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்தோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. 1911இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு அன்றும் இன்றும் முதுகெலும்பு அமெச்சூர்கள்தான்.

வக்கீல், பாதிரியார், குமாஸ்தா என்று யார் யாரோ எழுதி அனுப்பும் கணக்கு ஹார்வர்டுக்கு எதற்கு? சில நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். மிரா என்ற நட்சத்திரம் ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 332 நாள் ஆகும். அதன் போக்கு பிடிபட வேண்டுமென்றால் பல வருஷம் விடாமல் பார்க்க வேண்டும். பெரிய வானாய்வகத்துத் தொலைநோக்கியை ஒரே நட்சத்திரத்துக்கு அப்படி ஒதுக்கித் தரமாட்டார்கள். அதோடு பாஸ்டனில் பகலாக இருக்கும்போது ஜெஸ்ஸூரில் இரவு. அங்கே விட்டுப்போவதை இங்கே ஒருவர் பிடித்துக்கொள்ளலாம்.

பார்க்கிற முறையும் கடினமானதல்ல. வரைபடத்தில் அந்த நட்சத்திரத்தைச் சுற்றி, ஒளியளவு மாறாத நட்சத்திரங்கள் எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும்; மங்க மங்க எண் கூடும். 6.4 என்பதை 64 என்றே போட்டிருப்பார்கள். தசமப் புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரமென்று கண் எண்ணிவிடும் அல்லவா! நம்முடையது 64ஐவிட மங்கல், 70ஐவிடப் பிரகாசம், ஏறக்குறைய நடுவில் என்றால் 6.7. நேரத்தோடு எழுதி வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். மங்கலானதை நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துபோகும். பார்வையைச் சற்றே ஒதுக்கினால் தென்படும். இதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். பகலெல்லாம் காசைக் கண்ணால் எடை போட்டவருக்கு ராத்திரியிலும் அதே மாதிரி வேலை அமைந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

ஜெஸ்ஸூரிலிருந்து வரும் கணக்கு நம்பகமானது என்று சங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. 3 அங்குலக் குழாயின் எல்லையும் தெரிந்தது. பல நட்சத்திரங்கள் மங்கும்போது அதன் பிடிக்கு அப்பால் போய்விடும். சங்கத்தின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர் சார்ல்ஸ் எல்மர். பிழைப்புக்கு நீதிமன்றச் சுருக்கெழுத்து, நேசம் வானத்தோடு. 1926இல் அவர் வழியாக 6¼ அங்குலத் தொலைநோக்கி ஒன்று கடல் கடந்து ஜெஸ்ஸூருக்கு வந்தது. கண்ணாடியின் விட்டம் சுமார் 16 செ.மீ. பழையதைவிட நாலு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். அதைப் பெற்றவரிடம் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. தாள் தாளாக அவர் அனுப்பிய எண்கள்தான் சிபாரிசு.

(இதே எல்மர் 1937இல் ரிச்சர்ட் பெர்கினோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் பெர்கின்-எல்மர். ஹப்பிள் தொலைநோக்கியின் பிரதான ஆடியைத் தேய்த்துக் கொடுத்தது அதுதான். மனித முடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு வளைவு பிசகி, 1990இல் மேலே போன பிறகு உலகமே சிரித்தது. ஜெஸ்ஸூருக்கு வந்த குழாயைப் பற்றி அப்படி ஒரு புகாரும் இல்லை.)

1954 வரை சந்திரா பார்த்தார். சங்கத்துக்கு அவர் அனுப்பிய நோக்கல்கள் 49,700க்கும் மேல். வங்காளத்து மழைக்காலத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால்கூட நாளுக்கு நான்கு வருகிறது. 1928இல் பிரெஞ்சு அரசு அவருக்குக் கௌரவப் பட்டம் தந்தது. பிரிவினையில் ஜெஸ்ஸூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பராசத்தில் குடியேறி, 1975இல் காலமானார். ஊரில் பலருக்கு அவர் யாரென்று தெரியாது.

அவர் பார்ப்பதை நிறுத்தியதும், அந்தத் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவின் கைக்குப் போயிற்று. இதைவிடப் பொருத்தமான கை கிடைத்திருக்காது. பாப்புவின் அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். பாப்புவும் மாணவப் பருவத்திலேயே மாறும் விண்மீன்களைப் பார்த்து எழுதியவர். 1949இல் ஹார்வர்டில் படிக்கும்போது ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதில் தன் பெயரும் நிற்கச் செய்தார். 1960இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலைக் காட்டில் காவலூர் என்ற குக்கிராமத்தைத் தேடிப் பிடித்து, 1960களின் கடைசியில் அங்கே வானாய்வகத்தைத் தொடங்கினார். 1982இல் அவர் இறந்த பிறகு, 1986இல் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரை வைத்தார்கள். எல்மர் அனுப்பிய குழாயும் கடைசியில் அந்தக் காவலூருக்குத்தான் வந்து சேர்ந்தது. பெரிய தொலைநோக்கிகளின் பக்கத்தில் அது சின்னதுதான். ஆனால் ஒரு தனி மனிதனின் கண்ணோடு சேர்ந்து அது செய்த வேலையில் பாதியைச் செய்யக்கூட எத்தனையோ பெரிய கருவிகளுக்கு வாய்ப்பு அமையவில்லை.

இனி டிராம்பேக்கு வருகிறேன். மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் சுடர், தெருவிளக்கு, கட்டட வேலைத் தூசி எல்லாம் சேர்ந்து இங்கே வானத்தைப் பாதி தின்றுவிட்டன. உண்மைதான். ஆனாலும் திருவாதிரை தெரிகிறது. 2020 பிப்ரவரியில் அது யாரும் எதிர்பாராத அளவுக்கு மங்கியபோது, பக்கத்து ரோகிணியோடு ஒப்பிட்டு வெறும் கண்ணாலேயே கண்டுகொள்ள முடிந்தது. ஒரு பைனாகுலர் இருந்தால் அல்கோல் 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒருமுறை மங்குவதை மொட்டை மாடியிலிருந்தே பின்தொடரலாம். சந்திரா எழுதி அனுப்பிய அதே சங்கம் இன்றும் அமெச்சூர்களின் கணக்கை வாங்கிக்கொள்கிறது. அதன் கையிருப்பு இப்போது 5 கோடி நோக்கல்களைத் தாண்டிவிட்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணில் இருப்பதைக் கீழே இறக்குங்கள். மழை முடிந்து வானம் தெளிகிற பருவமும் அதுதான். உங்கள் பிள்ளை வேலைக்கென்று பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பான். அந்தத் தொலைநோக்கி இனி உங்களுக்குத் தேவைப்படாது. பக்கத்துச் சீட்டா கேம்ப் பள்ளிக்கூடம் எதிலாவது கேட்டுப் பாருங்கள், ராத்திரியில் அண்ணாந்து பார்க்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதனிடம் கடனாகக் கொடுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.