ஊவாத் தேயிலையின் மணமும் கொழுந்துத் தராசும்

ஊவாத் தேயிலையின் மணத்திற்குக் கச்சான் காற்றே காரணம் என்பர். பொய்யன்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றாகப் பதுளை, பண்டாரவளைப் பக்கம் இறங்குகிறது. அம்மாதத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. ஆயினும் காற்று மணத்தைச் சுமந்துவந்து இலையிற் பூசுவதில்லை. பின் அது பிறப்பது எங்கே?

விடைக்கான முதற் சுவடு கசப்பு வாதுமையிற் கிடைத்தது. 1837இல் லீபிக், வோலர் என்னும் ஜேர்மானிய அறிஞர் இருவர் அதனை ஆராய்ந்தனர். பருப்பிலுள்ள அமிக்டலின், சர்க்கரையோடு பிணைந்திருக்கும் வரை மணமற்றது. அப்பருப்பிலேயே உறையும் நொதியம் நீரின் துணைகொண்டு அப்பிணைப்பைப் பிளந்ததும் சர்க்கரை தனியே பிரிந்தது. வாதுமை மணம் வெளிப்பட்டது. கூடவே நஞ்சும் வெளிப்பட்டது என்பது வேறு கதை.

தேயிலையிலும் இவ்வாறே நிகழ்கிறது என்பது தெளிவாக ஒன்றரை நூற்றாண்டு சென்றது. ஸ்டோரில் நடப்பதைப் புளித்தல் என்றே நெடுங்காலம் வழங்கினர். நிறத்தைத் தரும் நொதியமே ஆய்வாளரின் கவனத்தைக் கவர்ந்தது. மணத்திற்குரிய பிரைமவரோசிடேஸ் என்னும் நொதியத்தை 1990களில் ஜப்பானிய ஆய்வாளர் இனங்கண்டனர். 2002இல் அதன் மரபணுவையும் பிரித்தெடுத்தனர். ஜெரானியோல், லினலூல், ஊவாத் தேயிலைக்கே சிறப்பான மெதில் சலிசிலேற்று ஆகியவை இலைக்கலத்தினுள் இரட்டைச் சர்க்கரையொன்றிற் பூட்டுண்டு கிடக்கின்றன. நொதியமோ கலச்சுவரில் இருக்கிறது. வாட்டிய கொழுந்தை உருட்டும்போது கலம் நசுங்குகிறது, இரண்டும் சந்திக்கின்றன, மணம் விடுதலையாகிறது.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அந்நொதியமும் பூட்டுண்ட மணமும் இளங்கொழுந்திலேதான் மிகுதி. இலை முற்ற முற்ற அவை குறைகின்றன. ஆகவே, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளும் பெண்ணின் விரல்களையே முதலில் நம்பியிருக்கிறது ஊவாவின் புகழ். அம்மணம் 'சிலோன் டீ' என நாட்டின் பெயர் தாங்கிக் கப்பலேறியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, கொழுந்து பறித்தோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கச்சான் மாதங்களிற் கொழுந்து மெல்லவே துளிர்க்கும். நாள் முழுதும் மலையேறி இறங்கினாலும் கூடை நிரம்பாது. ஏலத்திற் சுவைஞர் மணத்திற்கு விலை கூறுவர். தோட்டத்துத் தராசு எடையையே கூறும். மழைக்காலத்தில் முழுப்பேர் பெற்ற என் மாணவரின் தாய்மார், மணம் மிகுந்த அந்நாள்களில் அரைப்பேரோடு லயத்திற்குத் திரும்பியதுண்டு.