பனிக்கடல் வழியே இந்தியாவுக்கு!

பழைய தஞ்சை மாவட்டத்துக் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் நிற்கிறது. அக்கோட்டையோடு தொடர்புடைய மற்றொரு வரலாறு வட துருவப் பனிக்கடலில் நடந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

மிளகுக்கு ஐரோப்பாவில் பெரும் மதிப்பு இருந்த காலம் அது. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியா வரும் வழியில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆதிக்கம் செலுத்தினர். அமெரிக்காவுக்கு வடக்கே பனிக்கடல் வழியாக ஆசியாவை அடைய முடிந்தால், அவர்களை எதிர்கொள்ளாமலே சென்றுவிடலாம். இந்த வழியைத்தான் ‘வடமேற்குக் கடல்வழி’ என்றனர். ஆங்கிலேய மாலுமி ஹட்சன் 1610-இல் இதைத் தேடிச் சென்றபோதுதான், இன்று அவர் பெயரால் வழங்கும் வளைகுடாவை அடைந்தார்.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தார். 1618 நவம்பரில் ஓவே கெடே என்ற இளைஞரின் தலைமையில் சில கப்பல்கள் தெற்கு வழியே புறப்பட்டன. 1619 மே மாதத்தில் யென்ஸ் முங்க் என்ற தேர்ந்த மாலுமி, இரண்டு கப்பல்களில் 60-க்கும் மேற்பட்டோருடன் வடக்கு வழியே சென்றார்.

முங்க் ஹட்சன் வளைகுடாவின் மேற்குக் கரையை எட்டினார். அப்பால் செல்ல வழி தெரியவில்லை. குளிர்காலம் நெருங்கவே, இன்று சர்ச்சில் எனப்படும் ஆற்றின் முகத்துவாரத்தில் தங்கினார். கடல் உறைந்தது. மாலுமிகளுக்குப் பற்கள் ஆடின. உடலெங்கும் வலி எடுத்தது. ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். 1620 ஜூனில் உயிரோடு எஞ்சியவர்கள் முங்க் உட்பட மூவரே! பனி உருகியதும் தரையில் முளைத்த பசுந்தளிர்களையும் வேர்களையும் அவர்கள் பிடுங்கித் தின்றனர். உடல் தேறிற்று. சிறிய கப்பலை மட்டும் செலுத்திக்கொண்டு செப்டம்பரில் நார்வே போய்ச் சேர்ந்தனர்.

அவர்களை வாட்டிய நோய் ஸ்கர்வி. வைட்டமின் ‘சி’ குறைவதால் வருவது அது. உப்பிட்ட இறைச்சியிலும் காய்ந்த ரொட்டியிலும் இந்தச் சத்து கிடைப்பதில்லை, பசுந்தளிர்களில் உண்டு. நம் ஊர் நெல்லிக்காயில் ஏராளமாக உண்டு. அரைவேக்காட்டுக் கரடி இறைச்சியால் வந்த புழுநோயும் சேர்ந்து தாக்கியிருக்கலாம் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.

தெற்கே சென்ற கெடேயும் வழியில் பலரை நோய்க்குப் பலி கொடுத்தே இலங்கையை அடைந்தார். பின்னர், முங்க் ஊர் திரும்பிய இரண்டே மாதங்களில், 1620 நவம்பரில், தஞ்சை இரகுநாத நாயக்கருடன் டேனிஷ்காரர்களுக்கு உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அவ்வூர் டேனிஷ்காரர் வசம் இருந்தது.

வடமேற்கு வழியை முழுதும் கப்பலிலேயே முதலில் கடந்தவர் நார்வே நாட்டு அமுண்ட்சென் (1903–1906). பனி நாட்டு மக்களான இனுயிட்டுகளிடம் உடையையும் உணவையும் பற்றி அவர் பாடம் கற்றார். புதிய இறைச்சியை உண்டார். முங்க்கின் மாலுமிகளுக்குக் கிட்டாமற்போனது அந்த அறிவுதான்.