ஆண்பிள்ளை தந்தைக்கு, பெண்பிள்ளை தாய்க்கா? கண்டியர் மணமுறிவும் நொக்ஸின் ஒரு வாக்கியமும்

கண்டி இராச்சியத்தில் கணவனும் மனைவியும் பிரிந்தால் ஆண்பிள்ளைகள் தந்தைக்கும் பெண்பிள்ளைகள் தாய்க்கும் உரியவர்கள்; இதுவே நாட்டின் பொது வழமை. 1681இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் கூறும் செய்தி இவ்வளவே. கண்டியர் குடும்பச் சட்டத்தின் பழமையைத் தேடிய ஆய்வு மரபொன்று இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைக் கட்டுக்காப்பு விதியாகவே ஏற்றுக்கொண்டது. நொக்ஸின் நூலையே முழுதாகப் படித்தால் அந்த ஏற்பு நிலைக்காது. பிள்ளை எங்கே வளரும் என்பதைத் தீர்மானித்தது அதன் பால் அன்று. பெற்றோர் செய்துகொண்ட மணத்தின் வகையும், அந்த மணத்துக்குப் பின்னால் நின்ற வீடும் வயலுமே.

1660இல் மூதூர்க் கரையில் பிடிபட்ட நொக்ஸ், 1679இல் தப்பும்வரை கண்டி மன்னனின் கைதியாக மலைநாட்டில் வாழ்ந்தார். அங்கு அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே மணமுறிவு பற்றி அவர் எழுதியது அயல்வீடுகளில் கண்டதும் கேட்டதுமே. இதனால் அவர் சாட்சியம் பொய்யாகிவிடாது. வயல்வேலை பற்றி அவர் எழுதிய பக்கங்களின் நுட்பம் அவர் கண்ணின் கூர்மைக்குச் சான்று. ஆனால் மேற்படி வாக்கியம் எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்குப் பெற்றோர் கொடுத்த சீர், பிரிவின்போது குறையாமல் திரும்ப வேண்டும், அதுவே அடுத்த கணவனுக்கும் பயன்பட வேண்டும் என்று சொல்லிவரும்போதே பிள்ளைகளின் பேச்சு எழுகிறது. அது கணக்குத் தீர்க்கும் இடம். நீதி வழங்கும் இடம் அன்று. பெண்கள் பலர் பிள்ளையில்லாதவர்களாதலால் இந்தப் பிணக்கிலிருந்து தப்பினர் என்றும் அவர் உடனே சேர்க்கிறார். எல்லாரும் ஏற்ற விதி இருந்திருந்தால் அதைப் பிணக்கு என்று சொல்ல என்ன தேவை?

இதைவிட வலிய சான்று அதே நூலில் உண்டு. சகோதரர் இருவர் ஒரே மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்வது அங்கே வழக்கம் என்றும், பிள்ளைகள் இருவரையுமே தந்தை என்று அழைப்பர் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். அத்தகைய குடும்பத்தில் ஒருவன் மட்டும் விலகினால் ‘தந்தைக்கு ஆண்பிள்ளை’ என்ற விதி எவனுக்குப் பொருந்தும்? பிள்ளை வீட்டுக்குரியது என்று கொண்டால் இந்தச் சிக்கல் எழுவதேயில்லை.

வீடு என்ற அந்தக் கோட்பாடே தீக, பின்ன என்ற இருவகை மணங்களிலும் தெரிகிறது. தீக மணத்தில் பெண் கணவன் வீடு சென்று, பிறந்த வீட்டுச் சொத்தில் தன் பங்கை இழக்கிறாள். பின்ன மணத்தில் ஆண் மனைவி வீட்டில் வந்து வாழ்கிறான். அவ்வீட்டார் நினைத்தால் அவனை வெளியேற்றலாம். பின்னக் கணவன் கைத்தடி, தாளிப்பனை ஓலை, தீப்பந்தம் மூன்றையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற வழக்கு சிங்களவரிடையே இன்றும் உண்டு. இரவில், மழையில், நோயில் வெளியேற்றப்பட்டாலும் அவன் போயாக வேண்டும். போகிறவன் பின்னால் பிள்ளை போவதில்லை. தீக மணத்துக்குச் சென்ற பெண் தன் பிள்ளையொன்றை முல்கெதரவில், அதாவது பிறந்த வீட்டில், வளரவிட்டால் அந்த வீட்டோடு தொடர்பு அறாதவளாகக் கருதப்பட்டு, இழந்த பங்கைக் காத்துக்கொள்ள முடிந்தது. இங்கே பிள்ளையின் இருப்பிடம் பாசத்தின் கேள்வி மட்டுமன்று. அது ஒரு நில உரிமையின் சாட்சியம். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்பது பொருட்டாகவில்லை.

தீக, பின்ன விதிகளைத் தொகுத்த பிரித்தானிய அதிகாரிகளான ஜோன் டொய்லி, சைமன் சோவர்ஸ் ஆகியோர், கண்டி பிரித்தானியர் வசமான 1815க்குப் பின் எழுதியவர்கள், தகவல் தந்தவர்கள் நிலமுள்ள பிரதானிகள் என்ற மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பு. வயல் இல்லாத குடிகளிடையே பிள்ளைகளைப் பால்வழி பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்திருக்கக்கூடும். நொக்ஸ் கண்டது அதுவாகவும் இருக்கலாம். எனினும் அது ஒரு வகுப்பாரின் ஏற்பாடே, நாட்டின் சட்டமாகாது. நொக்ஸ் காலத்தால் மூத்தவர், ஆகவே அவர் சொல்லே மேலானது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மூத்த சாட்சி முழுச் சாட்சி ஆகிவிடாது.

இது பழங்கால ஆர்வம் மட்டுமன்று. கண்டியர் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அதன் வழியே உரோம-ஒல்லாந்தச் சட்டமும், பிள்ளையின் நலனே முதன்மை என்ற கோட்பாடும் கட்டுக்காப்பு வழக்குகளுக்குள் வந்தன. கண்டியர் சட்டம் இவ்விடயத்தில் உண்மையாகவே மௌனமா? நொக்ஸை நம்புவோர் இல்லை என்பர். ஆனால் அவர்கள் காட்டும் விதி விதியே அன்று. அந்தச் சட்டம் பேசியது, நிலத்தின் மொழியில் பேசியது என்பதே சரி.

அந்தக் குரல் அடங்கியது 1938இல். ஒரு மணம் தீகவாகவோ பின்னவாகவோ தொடங்கினால் அது முறியும்வரை வாரிசுரிமைக்கு அதே வகையாகவே நீடிக்கும், பிற்பாடு இருப்பிடமோ நடத்தையோ மாறினாலும் வகை மாறாது என்று அவ்வாண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதிசெய்தது. அதன்பின் முல்கெதரவில் விடப்பட்ட பிள்ளை தாயின் நிலத்தைக் காக்கும் சாட்சி அல்ல. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டியர் விவாக, விவாகரத்துச் சட்டம், இருவரின் சம்மதத்தோடும் மாவட்டப் பதிவாளர் மணத்தைக் கலைக்க வழிசெய்கிறது; பதிவேட்டில் வகை குறிக்கப்படாவிட்டால் மணம் தீக என்றே கொள்ளப்படும். அந்தப் பதிவு இன்று சொல்வது சொத்தைப் பற்றி மட்டுமே. பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.